பத்துமலையின் மறுபக்கம்

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் ஒரு வழிகாட்டும் நூல் என்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையுற்று எதிர்ப்படும் மற்றொரு கூத்தனுக்கு அம்மன்னனின் மலைநாட்டுக்குச் செல்லும் வழியைக் கூறுவதாகப் பெருங்கௌசிகனார் அதனை 583 அடிகளில் பாடியுள்ளார். எங்கே பாறை வழுக்கும், எந்தக் குழியில் பாம்பு மறைந்திருக்கும், எங்கே தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும், எந்தச் சிற்றூரில் என்ன உணவு கிடைக்கும் என்பனவெல்லாம் அதில் உள. மலைமேல் நடந்து பழகிய ஒருவரின் அறிவு அது.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் அந்நூலை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஒரு நாணம் ஏற்பட்டது. மலைவழியை இத்துணை நுட்பமாகப் பாடி வைத்தவர்களின் வழியில் வந்த நான், என் வீட்டு வாசலில் நின்றால் தெரியும் மலையை அவ்வாறு அறிந்திருந்தேனா? செலாயாங்கில் வளர்ந்தவன் நான். பத்துமலையின் படிகளை எத்தனையோ முறை ஏறி இறங்கியிருந்தேன். ஆனால், அம்மலையை ஒரு முறையேனும் சுற்றி வந்ததில்லை. அந்த நாணமே பல ஆண்டுகள் கழித்து ஒரு நடைப்பயணமாக முடிந்தது. பள்ளி விடுமுறையின் ஒரு சனிக்கிழமை, ஆறாம் ஆண்டு மாணவர் சிலரையும் இரண்டு ஆசிரியர்களையும் பெற்றோர் சிலரையும் அழைத்துக்கொண்டு பத்துமலையை வலம் வந்து, இறுதியில் படியேறி, மாலையில் இல்லம் திரும்பினோம். அன்று கண்டவற்றையும் அதன் பொருட்டுத் தேடிப் படித்தவற்றையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரை.

பெயரும் வழியும்

புறப்படுமுன் மாணவரிடம் ஒரு வினாவை எழுப்பினேன். "பத்துமலை என்கிறோமே, மற்ற ஒன்பது மலைகள் எங்கே?" குழந்தைகள் விழித்தனர். 'பத்து' என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கல் என்பது பொருள். அருகே ஓடும் ஆறு சுங்கை பத்து, அதாவது கல்லாறு. மலாய்மொழியின் கல், தமிழரின் செவியில் எண்ணாக விழுந்தது. பின்னர் அவ்வெண்ணுக்கும் நம்மவர் ஒரு விளக்கம் கண்டனர். தமிழகத்தில் முருகனுக்கு ஆறு படைவீடுகள். இந்நாட்டில் ஈப்போவின் கல்லுமலை, பினாங்கின் தண்ணீர்மலை, மலாக்காவின் சன்னாசிமலை ஆகிய மூன்றையும் சேர்த்தால் ஒன்பது. பத்தாவது இம்மலை என்பர். மொழியியல் நோக்கில் இஃது ஒப்புக்கொள்ளத் தக்கதன்று. எனினும், புதிய மண்ணின் சொல்லைப் பழைய நினைவோடு பொருத்தித் தம்முடையதாக்கிக் கொண்ட ஒரு மக்களின் மனத்தை அது காட்டுகிறது என்னும் வகையில் அதுவும் வரலாறேயாகும்.

வலம் வருதல் என்பது நமக்குப் புதியதன்று. திருவண்ணாமலையில் முழுநிலா நாளில் பல்லாயிரவர் 14 கிலோமீட்டர் நடந்து மலையைச் சுற்றி வருகின்றனர். எட்டுத் திசைக்கும் எட்டு இலிங்கங்கள் வழியில் உள்ளன. அங்கே மலையே இறைவன் என்று கருதப்படுவதால், ஏறுவதினும் சுற்றுவதே சிறப்பு. பழனியிலும் திருப்பரங்குன்றத்திலும் அவ்வழக்கம் உண்டு. பத்துமலையில் மட்டும் நாம் ஏறுகிறோம், இறங்குகிறோம், வந்த வழியே திரும்புகிறோம். மலையின் தென்முகம் ஒன்றையே காண்கிறோம். அதனையே மலை என்றும் எண்ணிக்கொள்கிறோம்.

செலாயாங் மலைக்கு மேற்கே உள்ளது. ஆகவே மலையை வலக்கைப் பக்கம் வைத்து நடந்தால் முதலில் வடபுறம், பிறகு கீழ்ப்புறம், கடைசியில் கோயில் உள்ள தென்புறம் என்று வழி அமைந்துவிடுகிறது. திருவண்ணாமலையில் உள்ளது போன்ற சுற்றுப்பாதை இங்கு இல்லை. தொழிற்கூடங்கள், குடியிருப்புகள், கடைவரிசைகள் ஆகியவற்றினூடே தெரு தெருவாக வழி கண்டு செல்லவேண்டும். மலை சில இடங்களில் மறையும். ஒரு திருப்பத்தில் திடீரென்று தலைக்கு மேலே நிற்கும். காலை ஆறரை மணிக்கு, பனி விலகாத வேளையில், நடக்கத் தொடங்கினோம்.

வெட்டுண்ட முகம்

பின்புறம் செல்லச் செல்லக் குழந்தைகளின் பேச்சு குறைந்தது. முன்புறத்தில் அவர்கள் கண்டு பழகியது செடியும் கொடியும் படர்ந்த, குகைவாய்கள் திறந்த, மழைநீர் வரிவரியாகக் கோடிட்ட பாறை. இங்கோ மலை கத்தியால் அரிந்த பலாச்சுளையைப் போல நேராக வெட்டப்பட்டுப் பல இடங்களில் நின்றது. வெட்டுண்ட பரப்பில் செடி பிடிக்கப் பல்லாண்டுகள் ஆகின்றன. "ஐயா, இந்தப் பக்கம் மலை உடைந்து விழுந்துவிட்டதா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். விழவில்லை அம்மா, உடைத்து எடுத்தார்கள் என்றேன்.

பத்துமலை சுண்ணாம்புக்கல் மலை. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணம் இறுகிக் கல்லாகி, நிலம் உயர்ந்தபோது மேலெழுந்தது. மழைநீர் அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்ததனாலேயே குகைகள் உண்டாயின. எளிதில் கரையும் அத்தன்மையே குகையைத் தந்தது. எளிதில் உடையும் தன்மையோ உடைப்போரை அழைத்தது. 1857-ஆம் ஆண்டினை ஒட்டி ஈயச் சுரங்கக் குடியிருப்பாகத் தோன்றிய கோலாலம்பூர் நகரமாக வளர்ந்தபோது, அதற்குச் செங்கல்லும் கல்லும் வேண்டியிருந்தன. செங்கல் எங்கிருந்து வந்தது என்பதைப் பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே இன்றும் சொல்கிறது. கல் வந்த இடங்களுள் ஒன்றைச் சொல்ல ஒரு பெயரும் இல்லை. வெட்டுண்ட இம்முகமே சொல்கிறது.

1970களில் நான் சிறுவன். மலைப்பக்கம் முதலில் சங்கு ஊதும். விளையாடிக்கொண்டிருக்கும் எங்களைத் தாய்மார் உள்ளே அழைத்துக்கொள்வர். சிறிது நேரத்தில் வெடியோசை கேட்கும். அடுக்களையில் அடுக்கி வைத்த பாத்திரங்கள் கலகலக்கும். உலர்த்திய துணியின்மேல் வெண்துகள் படியும். எங்களுக்கு அது நாள்தோறும் நிகழும் ஒன்று. மழை பெய்வதைப் போல இயல்பானது. அதே ஆண்டுகளில் தைப்பூசத்தன்று அதே மலையின் முன்புறத்தில் என் தந்தையார் பால்குடம் எடுத்தார். இரண்டும் ஒரே மலை என்பது என் சிறுவயது அறிவுக்கு எட்டவே இல்லை.

என் பாட்டனார் சாலை போடும் கூலியாக வாழ்நாளைக் கழித்தவர். உடைந்த கல்லைக் கூடையில் சுமந்து பரப்பியதைப் பற்றிப் பேசும்போது, "முருகன் மலைக்கல்லும் அதிலே உண்டப்பா" என்பார். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் வாய் திறக்கமாட்டார். அந்த மௌனத்தின் பொருள் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. மலையைக் கும்பிட்ட கையும் மலைக்கல்லைச் சுமந்த கையும் ஒரே கையாக இருந்தது. வயிற்றுப்பாட்டுக்காக வந்த மக்களுக்கு வேறு வழியில்லை. அதனைப் பழியாகச் சொல்லவில்லை. மறைக்கலாகாது என்பதற்காகச் சொல்கிறேன். நம் வரலாறு காவடியில் மட்டும் இல்லை, கல்கூடையிலும் இருக்கிறது.

இயற்கை ஆர்வலரும், அறிவியலாளரும், கோயிலைச் சார்ந்தோரும் எழுப்பிய எதிர்ப்பின் பயனாக 1980-ஆம் ஆண்டினை ஒட்டிக் கல்லுடைப்பு நின்றது. 1940-இல் தோன்றிய மலாயா இயற்கைக் கழகத்தார் இதற்காகக் குரல் கொடுத்தவர்களுள் குறிப்பிடத் தக்கவர்கள்.

எடின்பரோவின் குன்று

மரநிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்ணும்போது ஒரு மாணவன், "நல்ல மலையை உடைத்தது நம் நாட்டில் மட்டும்தானா?" என்று கேட்டான். அவனுக்கு ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவின் கதையைச் சொன்னேன்.

அந்நகரின் நடுவே ஆர்தர் இருக்கை என்று பெயர் பெற்ற ஒரு குன்று உண்டு. உயரம் 251 மீட்டர்தான். ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகளுக்கு முன் அணைந்துபோன எரிமலையின் எச்சம் அது. நகர மக்களும் வெளிநாட்டினரும் ஒரு பக்கமாக ஏறி, மறுபக்கமாக இறங்கி, ஏரிக்கரை வழியே சுற்றித் தொடங்கிய இடத்திற்கே மீள்வர். அக்குன்றைச் சார்ந்து சாலிஸ்பரி பாறைகள் என்னும் செங்குத்தான பாறைவரிசை நிற்கிறது. நிலவியலின் தந்தை எனப் போற்றப்படும் ஜேம்ஸ் ஹட்டன் 18-ஆம் நூற்றாண்டில் அப்பாறைகளை ஆராய்ந்தார். உருகிய கற்குழம்பு பழைய படிவுப் பாறைகளினூடே புகுந்து இறுகியதை அங்கே கண்டு, உலகின் வயது மக்கள் எண்ணியதைவிட அளவிறந்தது என்னும் தம் கொள்கைக்கு அதனைச் சான்றாக்கினார். 1785-இல் எடின்பரோ அரசக் கழகத்தில் அக்கொள்கை படிக்கப்பெற்றது.

அத்தகைய பாறையையும் உடைத்தனர். அரச பூங்காவாகிய அவ்விடத்தின் காவல் உரிமை ஹாடிங்டன் பிரபுக்களிடம் வழிவழியாக இருந்தது. காக்கவேண்டியவரே கல்லை வெட்டி விற்றார்; லண்டன் மாநகரத் தெருக்களுக்கும் அக்கல் சென்றது. நகர மக்கள் கொதித்தனர். வழக்கு 1819-இல் தொடங்கி, 1831-இல் பிரபுக்கள் அவையின் தீர்ப்பினால் கல்வெட்டு நின்றது. 1840களில் அரசே காவல் உரிமையை விலைகொடுத்து மீட்டது.

அப்பாறையின் அடியில் ஒரு பாதை செல்கிறது. 1820-இல் ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதித் தொழிலாளர் உரிமை கேட்டுக் கிளர்ந்தனர், அக்கிளர்ச்சி அடக்கப்பட்டது. அதன்பின் வேலையிழந்த நெசவாளரைக் கொண்டு, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் கூறிய யோசனைப்படி, அப்பாதை அமைக்கப்பட்டது. கிளர்ச்சியாளரின் நினைவாக அதற்கு ராடிகல் சாலை என்ற பெயர் நிலைத்தது. பாறை சரிந்ததன் காரணமாக 2018-இல் அது மூடப்பட்டது. பசித்த நெசவாளர் அமைத்த பாதையில் இருநூறு ஆண்டுகள் மக்கள் உலவினர். இதைக் கேட்ட மாணவன் ஒருவன், "அவர்களுடைய பெயர் சாலைக்கு இருக்கிறது. உங்கள் தாத்தா போட்ட சாலைக்கு யார் பெயர் ஐயா?" என்றான். அவனுக்கு என்ன விடை கூறுவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

மதுரையின் யானைமலை

தமிழகத்திலும் இதற்கொப்பான நிகழ்ச்சி உண்டு. மதுரைக்கு வடகிழக்கே படுத்த யானையைப் போல் தோன்றும் யானைமலையைப் பயணம் செய்தோர் கண்டிருப்பர். அதன் ஒருபுறம் கி.பி. 770-இல் பாண்டிய அமைச்சர் மாறன் காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் குடைவரை. வேறொருபுறம் சமணத் துறவியர் தங்கிய குகைத்தளமும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும். பாறை முகத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்கள். 2010-இல் அம்மலையைச் சிற்பக்கலை நகரமாக்கும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டபோது, மலையைச் சூழ்ந்த ஊரார் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. அந்த எழுச்சியைத் தொடர்ந்து எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முதலானோர் 'பசுமை நடை' என்னும் அமைப்பினை உருவாக்கினர். கிரானைட்டுக்காகக் குன்றுகள் பல அழிந்துபட்ட அம்மாவட்டத்தில், மக்களைக் குடும்பம் குடும்பமாக மலைகளுக்கு அழைத்துச் சென்று, கல்வெட்டையும் சிற்பத்தையும் நேரில் காட்டி விளக்குவதே அவ்வமைப்பின் பணி.

எடின்பரோவுக்கும் மதுரைக்கும் நெடுந்தொலைவு. ஆயினும் இரண்டிடத்தும் ஓர் உண்மை பொதுவாக உள்ளது. நாள்தோறும் அம்மலைகளைக் கண்டும், அவற்றின்மேல் நடந்தும் பழகிய மக்கள் இருந்தனர். பழகியவர்களுக்கே இழப்பு இன்னதென்று தெரியும். ஒரு மலையின் ஒரு முகத்தை மட்டும் அறிந்தோர், மறுமுகம் மறைந்துபோனாலும் அறியமாட்டார்.

தென்முகம்

வெயில் ஏறிய வேளையில், கோம்பாக் பக்கமாகத் திரும்பித் தென்முகத்தை அடைந்தோம். பாறையேறும் விளையாட்டினர் சிலர் வழியில் கயிறு கட்டிப் பயின்றுகொண்டிருந்தனர். மலையின் இப்பகுதியிலிருந்து நகரை நோக்கி விரிந்த சாலையும் ரயில் நிலையமும் தெரிந்தன. முன்னர்ச் சரக்கு ஏற்றிச் சென்ற கிளைப்பாதையில் 2010 முதல் மின்சார ரயில் மக்களை ஏற்றி வருகிறது.

கோயிலின் வரலாற்றை மாணவர் ஓரளவு அறிந்திருந்தனர். ஆனால், அதற்கு முன்னும் இக்குகைகளுக்கு வரலாறு உண்டு என்பதை எடுத்துரைத்தேன். தெமுவான் பழங்குடியினர் குகைவாய்களில் தங்கினர். 1860களில் சீனர் வௌவால் எச்சத்தை அகழ்ந்து காய்கறித் தோட்டங்களுக்கு உரமாக்கினர். 1878-இல் அமெரிக்க இயற்கையறிஞர் வில்லியம் ஹார்னடே வந்து கண்ட பின்னரே வெளியுலகம் இக்குகைகளை அறிந்தது. ரப்பர் மரத்தை இந்நாட்டில் வேரூன்றச் செய்த ரிட்லியும் 1890களில் இங்கு வந்து குகைவாழ் உயிர்களை ஆராய்ந்தவரே.

சிங்கப்பூரில் பிறந்து 1875-இல் சிலாங்கூருக்கு வந்த கா. தம்புசாமிப் பிள்ளை, கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்தவர். வேல் போன்ற குகைவாயைக் கண்டு உள்ளம் உருகி அங்கே முருகனை நிறுவினார் என்பது வழிவழிச் செய்தி. 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. 1920-இல் மரப்படிகள் அமைந்தன. அவை பின்னர் 272 சிமெந்துப் படிகளாயின. 2006-இல் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை எழுந்தது. 2018-இல் படிகள் வண்ணம் பெற்றன. அன்று நாங்கள் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினோம். இறுதிப் படியில் ஒருவன் 270 என்றான். மற்றொருத்தி 275 என்றாள். இருவரும் தம் கணக்கே சரி என்று வாதிட்டபடி குகைக்குள் நுழைந்து, அண்ணாந்து பார்த்து, வாதத்தை மறந்தனர்.

பெருங்குகையின் கூரையில் திறந்த வாயின் வழியே வெயில் ஒரு தூணாக இறங்கியது. பக்கத்திலுள்ள இருட்டுக்குகை 2019-இல் பார்வையாளருக்கு மூடப்பட்டது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளும் அதன் வழிகளில், 1923-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஓர் அரிய சிலந்தி வாழ்கிறது. கண்ணிக் கதவுடைய கூடு கட்டும் அந்தத் தொன்மையான இனத்திற்கு அறிஞர் இட்ட பெயரிலேயே இம்மலையின் பெயர் உண்டு. ஒரு வெடி கூடுதலாக வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்குமாறு மாணவரிடம் கூறினேன். மேலும் விளக்கம் தேவைப்படவில்லை. காலையில் பின்புறத்தைக் கண்டவர்கள் அவர்கள்.

எஞ்சிய கடமை

கல்லுடைப்பு நின்றதோடு மலையின் இடர் தீர்ந்துவிடவில்லை. 2012-இல் மலைக்கருகே 29 மாடிக் குடியிருப்பு ஒன்றை எழுப்பும் திட்டம் தெரியவந்தபோது, கோயிலாரும் இயற்கை ஆர்வலரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். மாநில அரசு அதனை நிறுத்தி வைத்தது. நகரம் நெருக்க நெருக்க இத்தகையன மீண்டும் வரும். ராவாங் சாலையில் உள்ள தெம்ப்ளர் பூங்காவின் தாக்குன் சுண்ணாம்புக் குன்றுகளுக்கும் இதே நிலைதான். அப்போது எழுந்து பேசவேண்டியவர்கள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று கூற விழைகிறேன். நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை கூறுகிறது. அளக்கலாகா அளவும், அசைக்கலாகா நிலையும், மழை வறண்ட காலத்தும் வளம் தரும் வண்மையும் மலைக்கு உரியன என்று சொல்லி, ஆசிரியனும் அத்தகையன் ஆதல் வேண்டும் என்பது அந்நூலார் கருத்து. பயிற்சிக் கல்லூரியில் அதனை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினோம். பவணந்தியார் அசைக்கலாகாது என்று கருதிய மலையை நம் காலத்தில் வெடிவைத்து அசைத்துவிட்டார்கள். ஆகவே மலையைப் போல் ஆசிரியன் இருந்தால் மட்டும் போதாது. மலைக்காகவும் ஆசிரியன் நிற்கவேண்டியுள்ளது. அதற்குப் பெருஞ்செயல் ஏதும் வேண்டா. ஆண்டுக்கு ஒரு நாள், நம் பள்ளிக்கு அருகிலுள்ள மலையையோ ஆற்றையோ பழைய தோட்டத்தையோ மாணவரோடு நடந்து சுற்றி வந்தால் போதும். முன்பக்கத்தைக் காட்டுவது போலவே பின்பக்கத்தையும் மறையாது காட்டவேண்டும்.

மாலை நான்கு மணியளவில் செலாயாங் திரும்பினோம். வீட்டு வாசலில் நின்று எல்லாரும் மலையைத் திரும்பிப் பார்த்தோம். நாள்தோறும் பார்க்கும் மலைதான். காலையில் பின்புறத்தைக் கேட்ட சிறுமி என் அருகே வந்து, "ஐயா, எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து தெரிவது அந்த வெட்டிய பக்கம்தான். நான் இத்தனை நாளாக அது மேகம் என்று நினைத்திருந்தேன்" என்றாள். அவள் இனி அதனை மேகம் என்று எண்ணமாட்டாள். அன்றைய நடையின் பயன் அவ்வளவே. அது போதும் என்றே கருதுகிறேன்.